நடக்காததற்கு ஒரு படிவம்

முதற்கட்டம்: சம்பவம் நிகழ்ந்த நேரம்.
சம்பவம் நிகழவில்லை.
ஆனாலும் எழுதத்தான் வேணுமாம்.
செவ்வாய், காலை ஆறு ஐந்து என்று எழுதினேன்.
ஆஸ்பத்திரி வீதியில் அப்போது
நெல்லியடி நெல்லியடி என்று ஒரு மினிபஸ்
ஆளில்லாத தெருவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மருந்து: டிகொக்சின்.
அளவு: பூச்சியம் புள்ளி இரண்டு ஐந்து மில்லிகிராம்.

அந்தப் பூச்சியத்தை முதல் வருசம் நான் மதிக்கவில்லை.
புள்ளிக்கு முன்னால் எதற்கு ஒரு வெறும் முட்டை என்று
பானுகாவும் நானும் சிரித்திருக்கிறோம்.
பிறகொருநாள் ஒளிநகல் தாளொன்றில்
புள்ளி மங்கி,
இருபத்தைந்து என்று நின்றது.
அரிவரியில் படித்தது ஞாபகம் வந்தது:
தலையில் புள்ளி இருந்தால் மெய்,
இல்லாவிட்டால் உயிர்மெய்.
மருந்துத் துண்டின் இலக்கணம் வேறு.
புள்ளி போனால்
மெய் மட்டும் மிஞ்சும்.

நோயாளியின் பெயர்.
இந்தக் கட்டத்தில் பேனா நிற்கிறது.

ஒன்பதாம் கட்டிலில் சி. இராசநாயகம், கரவெட்டி,
தாளம் தப்பி ஓடும் இதயம்.
பதினாலில் சி. இராசநாயகம், மண்டைதீவு,
சீனி வருத்தம், குதிக்காலில் ஆறாத புண்.
பதினாலுக்கு மேலே மின்விசிறி சுற்றுவதில்லை.
கரவெட்டிக்காரர் முகம் கழுவப் போன நேரம்
மண்டைதீவுக்காரர் காற்றுக்காக வந்து
ஒன்பதில் சரிந்திருந்தார்.

"இராசநாயகம் ஐயாதானே?"
"ஓம் பிள்ளை."
பொய்யில்லை.
"நெஞ்சுக்குக் குளிசை போடுறனீங்கள்தானே?"
"ஓம்."
அதற்கும் ஓம். மழை வருமோ என்றாலும் ஓம்தான்.
கைப்பட்டியைப் பார்த்தாயா?
பார்க்கவில்லை. அதையும் எழுதுகிறேன்.

டிகொக்சினுக்கு முன் நாடி பார்.
முழுதாய் ஒரு நிமிடம்.
அறுபதுக்குக் கீழே என்றால் கொடாதே.
வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கிய வரி.
இன்னும் பதினொரு பேர், ரொலியில் பதினொரு கிண்ணம்.
பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவமோ என்று
கை கேட்டது.
ஏன் மாட்டேன் என்றேன், எனக்கே தெரியாது.
நல்ல பிள்ளை என்பதால் இல்லை.
பயந்த பிள்ளை என்பதாலும் இருக்கலாம்.

முப்பது, முப்பத்தொன்று.
கடலோடிய மணிக்கட்டு, கயிறு உரசிய தழும்பு.
ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று,
ஐம்பத்துநாலு.
ஒன்றுகூடத் தடுக்கவில்லை.
கோயில் மணிக்கூடு மாதிரி நேர்.
நேற்றிரவுத் துண்டில்
தொண்ணூற்றாறு, ஒழுங்கீனம்.

ஒரு இரவில் இதயம் திருந்துமா?

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்.
அறிவு அதற்குப் பின்னால், நொண்டியபடி.

"ஐயா, உங்கட முழுப்பேர் என்ன? எந்த ஊர்?"

ஓம் என்று சொல்ல முடியாத கேள்வி.
அவர் கண்ணைத் திறந்து யோசித்தார்.
"சின்னையா இராசநாயகம். மண்டைதீவு."
வாசலில் துவாயோடு நின்றவர்
சிற்றம்பலம் இராசநாயகம்.

குளிசை கிண்ணத்துக்குத் திரும்பியது.
அவ்வளவு சின்ன வெள்ளை.
கொடுத்திருந்தால்
நாளை மாலைக்குப் பாதி கழியும்,
வெள்ளி காலையில் காற்பங்கு மிஞ்சும்.
அரை ஆயுள் முப்பத்தாறு மணித்தியாலம்,
சோதனையில் இரண்டு புள்ளிக்கான கேள்வி.
நேற்று வரை அது ஒரு எண்.

ஏற்பட்ட பாதிப்பு: இல்லை.
எழுதிவிட்டு என் நாடியைத் தொட்டுப் பார்த்தேன்.
அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

இனித் தவிர்ப்பதற்கான நடவடிக்கை.
மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
"பெயரைச் சொல்லிக் கேட்காதே,
பெயரைச் சொல்லச் சொல்" என்று எழுதினேன்.
மிச்ச இரண்டு வரியும் வெறுமையாகவே கிடக்கட்டும்.

பதினாலாம் கட்டிலுக்குக் கைத்தாங்கலாய்க் கூட்டிப்போகையில்
அவருக்குச் சின்ன மனத்தாங்கல்.
"அப்ப அந்த வெள்ளைக் குளிசை எனக்கில்லையோ?"
"உங்களுக்கில்லை ஐயா."
ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.
"ஓம்," என்றார்.